நான் நோம்பு

யாராவது தன் பக்கமாக இரண்டு முழத் தூரத்துக்குள் வந்துவிட்டால் சாச்சி முதலில் சொல்வது ஸலாம் அல்ல. "நான் நோம்பு" என்பதைத்தான் முதலில் சொல்வார். அதைக் கேட்டதும் வந்தவர் முகத்தைச் சுளிக்க மாட்டார். நோன்பு பிடித்தவரின் வாய் வாடை அல்லாஹ்விடத்தில் கஸ்தூரியை விட மேலானது என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே ஓதிக் கொடுத்திருந்தார்கள். கஸ்தூரிக்கு யாராவது மூக்கைப் பொத்துவார்களா? அதனால் அக்கம்பக்கத்தில் சாச்சிக்குப் பெரிய நோன்பாளி என்று பெயர். பதினெட்டு வயது வரை நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

ஆனால் எனக்கு அது ஒருநாளும் கஸ்தூரியாக இருந்ததில்லை. இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மீன் கழுவிய தண்ணீரை வாளியோடு இரண்டு நாள் வெயிலில் மறந்துவிட்டால் என்ன வாடை வருமோ, அதுதான் சாச்சியின் வாய். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அறையின் ஜன்னலைத் திறந்தால் அந்த வாடை சமையலறை வரைக்கும் வரும். அடுப்பில் இருக்கிற கறியை மூடி வைப்பேன்.

சாச்சி என் உம்மாவின் தங்கை. பிறக்கும்போதே வாதம். இரண்டு கைகளும் மணிக்கட்டில் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். தாடை ஒரு பக்கமாக இழுக்கும், எச்சில் நிற்காது. பேச்சுக் குழறும், புத்தியில் ஒரு குழறலும் இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் எழுதப்படும், மாப்பிள்ளைதான் வந்து சேருவார். அப்படிக் கல்முனைக்குடியில் உம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டுக்குள் சாச்சியும் இருந்தார். சூறாவளி ஓடுகளை எல்லாம் கொண்டுபோன பிறகு வாப்பா அதற்குத் தகரம் போட்டிருந்தார். நடு அறையில் ஒரு பிரம்புக் கதிரை. அதில் சாச்சியை இருத்தி, சரிந்து விழாமல் இடுப்பில் ஒரு பழைய சாரனைச் சுற்றிக் கட்டிவிடுவோம். நான் சொல்கிற காலத்தில் அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

அந்த வாய்க்குள் என்ன இருந்தது என்று எழுதக் கை கூசுகிறது. ஈறுகள் ஊதிக் கறுத்த சிவப்பில் பற்களுக்கு மேலாக வழிந்திருந்தன. பற்களின் அடியில் மஞ்சளும் பச்சையுமாக ஊத்தை கட்டி இறுகியிருந்தது. முந்தின நாள் சோற்றுப் பருக்கை அதன் இடுக்கில் அப்படியே இருக்கும். விரல் பட்டால் சீழ் வரும். காலையில் தலையணையில் கபில நிறத்தில் ஒரு வட்டம். நெஞ்சில் கட்டிய துவாயில் எச்சிலோடு இரத்தம் நூல் நூலாக இழுபடும், அதில் ஈ மொய்க்கும். அந்தத் துவாயைத் துவைப்பது என் வேலை. நான் அதை ஒரு தடியால் தூக்கித்தான் வாளிக்குள் போடுவேன். சாச்சி பார்த்துக்கொண்டிருப்பார்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், நடக்கத் தெரிந்த மனிதனின் வாய் நாறினால் அவன் தள்ளி நின்று கதைக்கலாம். சாச்சியால் எப்படித் தள்ளி நிற்க முடியும்? அவரைக் கழிவறைக்குக் கொண்டுபோக, குளிப்பாட்ட, படுக்கவைக்க, எல்லாவற்றுக்கும் ஒருவர் கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்க வேண்டும். தூக்கினால் அவருடைய முகம் தூக்குகிறவரின் கழுத்துக்குள் வந்துவிடும். அதனால் நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குவோம். மூச்சு முட்டுவதற்குள் இறக்க வேண்டும் என்று தொப்பென்று போட்டுவிடுவோம். உம்மா, நான், உதவிக்கு வருகிற பக்கத்து வளவு ராத்தா, எல்லாருக்கும் இதே பழக்கம்தான். சாச்சியின் இடுப்பெலும்புக்கு மேலே எப்போதும் ஒரு கன்றிப்போன தழும்பு இருந்தது. அது எங்களுடைய மூச்சின் அளவு.

அவர் யாருக்கும் காதுக்குள் ஒரு விஷயம் சொன்னதில்லை. சொல்ல யாரும் காதைக் கொடுத்ததில்லை. எது வேண்டுமென்றாலும் அறையின் அந்தப் பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்கும்படி கத்தித்தான் சொல்ல வேண்டும். மாதத்தில் அந்த நாட்களில் "புள்ள, துணி மாத்தணும்" என்று குழறிக் கத்துவார். முன் விறாந்தையில் இருக்கிற வாப்பா ஒருதரம் இருமிவிட்டு முற்றத்துக்கு இறங்கிப் போவார். பெண்களுக்கு நோன்பில்லாத அந்த நாட்களிலும் துணி மாற்ற நான் கிட்டப் போனால் "நான் நோம்பு" என்பார். பெண்கள் அதை மறைப்பது வழக்கம்தானே, அந்த வெட்கத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய நோன்புகளுக்குக் கணக்கில்லை. ரமழான் முழுவதும் பிடிப்பார், பெருநாளுக்குப் பிறகு வருகிற ஆறு நோன்பையும் பிடிப்பார், திங்களும் வியாழனும் தவறாது. இடையிலும் பிடிப்பார். உம்மாவுக்கு அதில் பெருமை இருந்தது. வசதியும் இருந்தது, அதை யாரும் சொல்வதில்லை. விடியுமுன் சஹருக்கு ஒருதரம், நோன்பு திறக்க ஒருதரம் ஊட்டினால் போதும். பகல் சோறு ஊட்டுகிற அரை மணித்தியாலம் மிச்சம். அந்த அரை மணித்தியாலத்தில் நான் தையல் பழகினேன்.

நோன்பு இருந்ததால் வாயும் கழுவப்படவில்லை. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு நோன்பாளி பல் துலக்குவது எங்களிடையே விருப்பத்துக்குரியதல்ல. காலையிலாவது செய்யலாம். ஒரு ரமழான் காலையில் நான் பல்பொடியைத் தொட்டு விரலை உள்ளே விட்டதும் இரத்தம் வந்துவிட்டது. உம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தேய்க்காத மகள். ரெத்தம் உள்ள போச்செண்டா நோம்பு முறிஞ்சிரும். மறுகா ஆண்டவன்ட கிட்ட நாமதான் பதில் சொல்லணும்."

எனக்கு அதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்? கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு போய்விட்டேன். தேய்த்தால் இரத்தம் வரும், ஆகவே தேய்க்கக் கூடாது. ஒரு ரமழானுக்குச் சொன்னது ஆறேழு வருடங்களுக்கு நின்றது.

சாச்சியின் நாக்கு மட்டும் நல்ல கூர். பக்கத்து வளவு ராத்தாவுக்கு ஒரு நம்பிக்கை, நோன்பாளி கேட்கிற துஆ அங்கீகரிக்கப்படும் என்று. மகனுக்கு வெளிநாட்டுக்குப் போக விசா கிடைக்க வேண்டும் என்பதற்காக வாசற்படியில் நின்று கேட்பார்.

"எங்களுக்காகவும் கையேந்துங்க புள்ள. நோம்பாளிட துஆ வீண் போகாது."

"கேக்குறன் ராத்தா. எனக்குக் கை நீளாது, நீங்க ஏந்துங்க. அங்கினயே நிண்டு ஆமீன் சொல்லுங்க."

ராத்தா அங்கேயே நின்று ஆமீன் சொல்லுவார். சாச்சி வாயை இறுக்கி மூடிக்கொண்டு சிரிப்பார். அவர் வாய் திறந்து சிரித்து அப்போதெல்லாம் நான் பார்த்ததில்லை. உதடுகள் மூடியபடி தோள் மட்டும் குலுங்கும்.

ஒருநாள் நான் அவருக்கு முன்னால் இருந்து மாங்காயில் உப்பும் கொச்சிக்காய்த் தூளும் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன். திங்கள் இல்லை, வியாழனும் இல்லை. சாச்சியின் கண்கள் என் வாயை விட்டு அசையவில்லை. ஒரு துண்டை நீட்டி "திண்ணுறீங்களா?" என்று கேட்டேன். "நான் நோம்பு" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் திருப்பக்கூடிய ஒரே உறுப்பு அதுதான்.

எனக்குப் பதினெட்டு வயதான வருட ரமழானில் ஒரு மாலை, நோன்பு திறக்கும் நேரம், பேரீச்சம்பழத்தை நசுக்கி அவர் வாயில் வைத்தேன். மெல்ல முடியாமல் கொஞ்ச நேரம் ஒரு பக்கமாக உருட்டிக்கொண்டிருந்தார். கொட்டை கிடந்துவிட்டதென்று நினைத்து உள்ளங்கையை நீட்டினேன், துப்பினார். அது கொட்டை அல்ல. பல். வேரோடு, ஒரு சிறு சதையும் ஒட்டிக்கொண்டு, சூடாக இருந்தது. நான் அலறிக்கொண்டு உதறினேன், அது கஞ்சிக் கோப்பைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அன்று எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. உம்மா அதை ஒரு கடதாசியில் எடுத்துச் சுருட்டிக்கொண்டு, "வயசு போனாப் பல்லு விழும்தானே" என்றார். உம்மா சாச்சியை விட நாலு வயது மூப்பு. அவருக்கு எல்லாப் பல்லும் இருந்தன.

சாச்சி என்னைப் பார்த்து, "உதறிட்டாய் என்ன?" என்றார். கோபம் இல்லை, கேட்டார், அவ்வளவுதான்.

பிறகு பெருநாள் வந்தது. புது உடுப்பு உடுத்தி, சாச்சிக்கும் ஒரு புதுத் துவாய் கட்டி, கரண்டியால் வட்டிலப்பம் ஊட்டிக்கொண்டிருந்தேன். மெல்லத் தேவையில்லாத முட்டை இனிப்பு என்பதால் அது அவருக்குப் பிடிக்கும். அப்போதுதான் பொத்துவில் மாமி பஸ்ஸில் வந்து இறங்கினார். உம்மாவுக்கும் சாச்சிக்கும் மச்சி முறை, சின்ன வயதில் சாச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனவராம். பல வருடங்களுக்குப் பிறகு வருகிறார். குடையைக்கூட வைக்காமல் நேராக உள்ளே வந்து, கட்டிப்பிடிக்கக் குனிந்தார்.

சாச்சி தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, வாய் நிறைய வட்டிலப்பத்தோடு, "நான் நோம்பு மச்சி" என்றார்.

பெருநாளன்று நோன்பு பிடிப்பது ஹராம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீடே சிரித்தது.

"பெருநாளைக்குமா நோம்பு? அதுவும் வாயில வட்டிலப்பம் கிடக்கு," என்று பொத்துவில் மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எல்லாரையும் விட நான்தான் உரக்கச் சிரித்தேன். சாச்சியும் உதடுகளை மூடித் தோள் குலுங்கச் சிரித்தார். வட்டிலப்பம் கடைவாயால் வழிந்தது, அதில் ஒரு சிவப்பு இழை. அதைக் கரண்டியால் வழிக்கக் குனிந்தபோது அவர் கண்களைப் பார்த்தேன். அவை சிரிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது நோன்புக்கான சொல்லே அல்ல. 'என் வாய் நாறும், கிட்ட வராதே' என்று எந்த மனிதரால் தன் வாயால் சொல்ல முடியும்? அதை மரியாதையாகச் சொல்ல இவர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் மற்ற நாட்களெல்லாம் பட்டினி கிடந்திருக்கிறார். நாங்கள் அதைப் பக்தி என்று சொல்லி, பகல் சோற்றையும் நிறுத்தி, வாயையும் கழுவாமல் விட்டோம். அன்று எனக்கு வந்த குமட்டல் அந்த வாயைப் பார்த்து வந்ததல்ல. என் கையில் வட்டிலப்பக் கரண்டி இருந்தது, அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்து வந்தது.

உம்மாவோடு சண்டை பிடித்தேன். "பல்லுக்கு ஆசுபத்திரியா? எப்பிடிக் கொண்டு போற?" என்று வாப்பா கேட்டார். சம்மாந்துறை வயலில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு வருகிற உழவு ரெக்டரின் பின்பெட்டியில் கொண்டுபோனோம். வைக்கோலுக்கு மேல் பாய் விரித்து, சாச்சியைச் சாரனால் பெட்டிக் கம்பியோடு கட்டி, நான் முதுகுக்குப் பின்னால் இருந்து பிடித்துக்கொண்டேன். கல்முனைச் சந்தையை அவர் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு பார்க்கிறார். ரெக்டர் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது, யாரும் கிட்ட வரவும் மாட்டார்கள். சாச்சி வழி நெடுக வாயைத் திறந்து காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

பல் டொக்டர் யாழ்ப்பாணத்துப் பக்கத்து இளம் பெண். சின்னக் கண்ணாடியோடு முகத்தை நேராகக் கிட்டக் கொண்டுவந்தார்.

"நான் நோம்பு டொக்டர்."

"நோன்பெண்டாலும் வாயைத் திறக்கலாம் அம்மா."

சாச்சி திறந்தார். டொக்டர் மூக்கைச் சுளிக்கவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்டார்.

"இவவுக்கு ஆர் பல்லு மினுக்கி விடுறது?"

மினுக்குவது என்றால் பல் துலக்குவது என்று எங்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு உம்மாதான், தொட்டால் இரத்தம் வருகிறது, அதனால் விட்டுவிட்டோம் என்றார்.

"ரத்தம் வருதெண்டு மினுக்காம விட்டிருக்கிறியள். மினுக்காம விட்டதாலதான் ரத்தம் வருது. ஈறு அழுகி, பல்லுப் பிடிச்சிருக்கிற எலும்பும் கரைஞ்சு போச்சு. போனது திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாத்துங்கோ."

"நோம்பு முறியுமே டொக்டர்," என்று உம்மா மெதுவாகச் சொன்னார்.

"அது எனக்குத் தெரியாது. நோன்பு திறந்தாப் பிறகு மினுக்குங்கோ. படுக்க முன்னம் இன்னொருக்கா."

அன்று மூன்று பற்களைப் பிடுங்கினார். அவை தாமாகவே வரக் காத்திருந்தவை போலத்தான் வந்தன. தாடை இழுக்கிறவருக்குப் பிரஷ் சரிவராது, சுத்தமான துணியை விரலில் சுற்றி, உப்புத் தண்ணீரில் நனைத்து, பல்லும் ஈறும் சேருகிற இடத்தைத் துடைக்கச் சொன்னார். கடிக்காமல் இருக்க எதையாவது கடைவாயில் கொடுக்கச் சொன்னார். நாங்கள் அகப்பைக் காம்பில் துணி சுற்றிக் கொடுத்தோம்.

முதல்நாள் நான் சுட்டுவிரலில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு வருவதைக் கண்டதும் சாச்சியின் முகம் மாறியது. எங்களில் இறந்தவரின் மையித்தைக் குளிப்பாட்டும்போதுதான் அப்படி விரலில் துணி சுற்றிப் பல்லைத் துடைப்பார்கள்.

"இது மையித்துக்குச் செய்றதெல்லவா புள்ள? என்னக் குளிப்பாட்டவா போறாய்?"

"மையித்து கடிக்காது சாச்சி. நீங்களும் கடிக்காம இரிங்க."

உம்மா "அஸ்தஃபிருல்லாஹ்" என்று காதைப் பொத்திக்கொண்டார். சாச்சி வாயைத் திறந்துவிட்டார். சிரிப்பதற்குத்தான் திறந்தார், நான் அந்த இடைவெளியில் விரலை விட்டேன்.

பாசம் வந்தால் அருவருப்புப் போய்விடும் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் ஒருநாளும் இன்னொருவர் வாய்க்குள் விரல் விட்டிருக்க மாட்டார்கள். முதல் கிழமை முழுவதும் வேலை முடிந்ததும் கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தேன். அது சாச்சிக்குக் கேட்கும். துணியில் வந்ததை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு தரம் தாடை இழுத்து என் விரலைக் கடித்தார், ஒரு நகம் கறுத்து விழுந்தது. ஆனால் மூன்றாவது கிழமை துணியில் இரத்தம் குறைந்தது. தலையணையில் வட்டம் காணாமல் போனது. இரண்டு மாதத்தில் ஈறு வற்றிப் பற்கள் நீளமாகத் தெரிந்தன. வாடை முற்றாகப் போகவில்லை, அறைக்குள் மட்டும் அடங்கிவிட்டது. பக்கத்து வளவு ராத்தா அவரைத் தூக்கி மெதுவாக இருத்துவதை ஒருநாள் பார்த்தேன். ராத்தாவுக்கே அது தெரிந்திருக்காது.

சொல் மட்டும் போகவில்லை. யார் வந்தாலும் "நான் நோம்பு." நோன்பும் குறையவில்லை. நோன்பாளி என்று பட்டம் கொடுத்து வைத்திருக்கிறோமே, எப்படிக் குறையும்? பகல் சோறு வைக்கவா என்று நான் கேட்டால் உம்மா இருக்கிற பக்கம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி மறுப்பார். கொழுத்த நோன்பாளியை யாரும் பார்த்ததில்லை. சாச்சியின் கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் நிற்கும் போல இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, முற்பகல். உம்மாவும் ராத்தாவும் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இண்டைக்கும் நோம்புதான். சொன்னாலும் விடமாட்டா. இந்த வீட்டுட அருள், பறக்கத்து எல்லாம் அவதான் ராத்தா," என்று உம்மா சொல்வது உள்ளே தெளிவாகக் கேட்டது.

"புள்ள," என்று சாச்சி கூப்பிட்டார். வழக்கம்போலக் கத்தவில்லை. "இஞ்ச வா."

துணி மாற்றத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கிட்டப் போனேன். "நான் நோம்பு" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"குனி. இன்னும் குனி."

குனிந்தேன். பழக்கதோஷம், மூச்சை அடக்கிக்கொண்டுதான் குனிந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கு வெறுப்பு வரும். அவருடைய உதடுகள் என் காதில் பட்டன, எச்சில் ஈரம் காதுக்குள் இறங்கியது. உள்ளே ஒரு சொல்லை உருட்டித் திரட்டிக்கொண்டு, வாசலுக்குக் கேட்காதபடி, அவர் தன் வாழ்க்கையின் முதல் இரகசியத்தைச் சொன்னார்.

"நான் நோம்பில்ல. பசிக்கிது."